சதுர அடிக் கணக்கில் மறையும் ஷீட்டுகள்

வீடு கட்டும்போது எத்தனை மூட்டை சிமெண்ட், எத்தனை டன் கம்பி, எத்தனை லோடு எம்-சாண்ட் என்று விரல் நுனியில் கணக்கு வைத்திருக்கும் குடும்பங்கள் தமிழ்நாட்டில் ஏராளம். கம்பியை எடை போட்டு இறக்குகிறார்கள். சிமெண்ட் மூட்டையில் அச்சிட்ட தேதியைப் பார்க்கிறார்கள். செங்கல்லைத் தட்டி ஓசை கேட்கிறார்கள். அதே குடும்பம் பூச்சு வேலை முடிந்து உள்ளே மரவேலைக்கு வந்ததும் கணக்கு நோட்டை மூடிவிடுகிறது. ‘சதுர அடிக்கு இவ்வளவு, மெட்டீரியலோடு’ என்று ஒப்பந்தக்காரர் சொல்லும் ஒற்றை வரிக்குத் தலையாட்டிவிடுகிறது.

கிச்சன், கப்போர்ட், பரண் கதவு, டிவி யூனிட், பூஜை அலமாரி என்று கூட்டினால் இரண்டு படுக்கையறை வீட்டிலேயே செலவு லட்சங்களில் போய் நிற்கும். பல வீடுகளில் அது வங்கிக் கடனின் கடைசித் தவணை, அல்லது நகையை வைத்துப் புரட்டிய பணம். அந்தப் பணம் என்ன பலகையாக மாறியது என்பது கடைசிவரை வீட்டுக்காரருக்குத் தெரிவதில்லை. மைக்கா ஒட்டிய பிறகு யாருக்கும் தெரியாது. இந்த இருட்டை நம்பித்தான் கனம் குறைந்த ஷீட்டும், போலி முத்திரையும், காற்றில் நஞ்சு கசியவிடும் பசையும் நம் படுக்கையறை வரை வந்து சேர்கின்றன. ‘அதெல்லாம் கார்பென்டர் பார்த்துக்கொள்வார்’ என்று இனியும் விட்டுவிட முடியாது.

ஒரு வார்ட்ரோபை எடுத்துக்கொள்வோம். அகலம் 6 அடி, உயரம் 7 அடி, ஆழம் 2 அடி. ஒப்பந்தக்காரரின் தாளில் இது 42 சதுர அடி. முகப்பின் அளவு மட்டும்தான் அது. பெட்டியைப் பிரித்துக் கணக்கிட்டால் வேறு உருவம் தெரியும். இரண்டு பக்கப் பலகை, நடுவில் ஒரு தடுப்பு, மூன்றும் 7-க்கு 2: மொத்தம் 42 சதுர அடி. மேலும் கீழும் 6-க்கு 2 அளவில் ஒவ்வொன்று: 24. உள்ளே 3-க்கு 2 அளவில் ஐந்து தட்டு: 30. ஒன்றரை அடி அகலத்தில் 7 அடி உயரத்துக்கு நான்கு கதவு: மறுபடியும் 42. ஆக, 19 மி.மீ. பலகை மட்டும் 138 சதுர அடி. முதுகுக்கு 6 மி.மீ. ஷீட் 42 சதுர அடி தனி. தாளில் 42 என்று எழுதிய இடத்தில் உண்மையில் 180 சதுர அடி பலகை நிற்கிறது.

கூலி, மைக்கா, கீல், கைப்பிடி, பசை, வண்டி வாடகை, லாபம் அத்தனையும் அந்த 42-க்குள் அடக்கம். நாம் ‘கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள்’ என்று பேரம் பேசுகிறோம். அவர் குறைக்கிறார். கூலியில் அவரால் குறைக்க முடியாது. மைக்கா நம் கண்ணுக்குத் தெரியும், அதிலும் முடியாது. குறைவது பலகை. தட்டு 19-க்குப் பதில் 12 ஆகும். முதுகு 6-க்குப் பதில் 4 ஆகும். கதவுக்கு மட்டும் நல்ல ஷீட், உள்பெட்டி முழுக்க மலிவானது என்று ஆகும். விலை குறைந்ததாக நாம் மகிழ்கிறோம். குறைந்தது அலமாரியின் ஆயுள்.

ஷீட் அளவைப் பற்றிய அறியாமையும் இதே அளவு பணத்தைத் தின்கிறது. பிளைவுட் என்றால் 8-க்கு 4 என்றே பலரும் நினைக்கிறார்கள். 7-க்கு 4, 7-க்கு 3, 6-க்கு 4, 6-க்கு 3 அளவுகளும் சந்தையில் உண்டு. நம் வார்ட்ரோபின் கதவுகளை 8-க்கு 4-இல் அறுத்தால் ஷீட்டுக்கு இரண்டு கதவுதான் தேறும். நான்கு கதவுக்கு 64 சதுர அடி வாங்கி, 22 சதுர அடியை ஓரடிப் பட்டைகளாக ஒதுக்க வேண்டும். 7-க்கு 3 வாங்கினால் ஷீட்டுக்குச் சரியாக இரண்டு கதவு. முழுப் பெட்டியையும் 8-க்கு 4-இலேயே முடிக்க நினைத்தால் 19 மி.மீ.யில் ஆறாவது ஷீட்டைத் தொட்டே ஆக வேண்டும், அதாவது 192 சதுர அடி. 7-க்கு 3 இரண்டு, 7-க்கு 4 இரண்டு, 6-க்கு 4 இரண்டு என்று கலந்து வாங்கினால் 146 சதுர அடியில் வேலை முடிந்து, ஒரு தட்டு உபரியாகவும் கிடைக்கும். 8-க்கு 4-இல் மிஞ்சும் பெரிய துண்டு வேறு வேலைக்கு ஆகும் என்பது உண்மைதான். ஆனால் வீட்டில் வேறு வேலை இருக்கிறதா என்று கேட்டுவிட்டு அறுப்பவர்கள் எத்தனை பேர்? ரம்பம் தின்னும் மூன்று மில்லிமீட்டரை முன்கூட்டியே அளவில் கழித்துக்கொள்ள வேண்டும். தட்டுகளில் முகத்தகட்டின் ரேகை நீளவாக்கில் ஓட வேண்டும், இல்லையென்றால் துணிமணிப் பாரத்தில் நடுவே தொய்யும். நல்ல ஆசாரிகள் இதையெல்லாம் பென்சிலும் ஒரு துண்டு அட்டையும் வைத்துப் பத்து நிமிடத்தில் போட்டுவிடுவார்கள். அந்த அட்டைக்குக் கட்டிங் லிஸ்ட் என்று பெயர். அதைக் கேட்டு வாங்காமல் முன்பணம் கொடுக்கக் கூடாது என்பது நம் முதல் எச்சரிக்கை.

அடுத்தது தரம். கடைகளில் ‘வாட்டர் ப்ரூஃப்’, ‘கிளப்’, ‘கோல்ட்’, ‘லைஃப்டைம்’ என்று எத்தனையோ சொற்கள் புழங்குகின்றன. இவற்றில் எதற்கும் தர நிர்ணயத்தில் தனி மதிப்பு இல்லை. மதிப்புள்ளவை எண்கள். ஐஎஸ் 303 பொதுப் பயன்பாட்டு பிளைவுட். அதற்குள் எம்ஆர், பிடபிள்யூஆர் என இரண்டு தரம். எம்ஆர் என்பதைத்தான் கடைக்காரர்கள் ‘கமர்சியல்’ என்கிறார்கள். காற்றின் ஈரத்தைத் தாங்கும், தேங்கிய தண்ணீரைத் தாங்காது. அதன் பசைக்குச் சோதனை 60 டிகிரி வெந்நீரில் மூன்று மணி நேரம். பிடபிள்யூஆர் கொதிக்கவைத்து உலர்த்தும் சுற்றுகளைத் தாங்க வேண்டும். ஐஎஸ் 710 தான் மெரைன். அதன் பசை 72 மணி நேரக் கொதிநீரைத் தாங்க வேண்டும், மரமும் பூச்சி மருந்து ஏற்றியதாக இருக்க வேண்டும். மூன்றுக்கும் இடையே இருப்பது பெயர் வித்தியாசம் அல்ல, பசையின் வேதியியல். எம்ஆரில் பெரும்பாலும் யூரியா ஃபார்மால்டிஹைடு, 710-இல் பீனால் ஃபார்மால்டிஹைடு.

எல்லா இடத்திலும் 710 போட வேண்டும் என்று சொல்லவில்லை. உலர்ந்த படுக்கையறையின் பரணுக்கு மெரைன் ஷீட் போடுவது வீண். சிங்க் அடி, வாஷ்பேசின் பெட்டி, துவைக்கும் இடம், தரைத் தளத்தில் வெளிச்சுவரை ஒட்டி நிற்கும் முதுகுப் பலகை, இவற்றுக்கு 710-ஐத் தவிர வேறொன்றை ஒப்புக்கொள்ளக் கூடாது. கிச்சனின் மற்றப் பெட்டிகளுக்கும் படுக்கையறைக்கும் உண்மையான பிடபிள்யூஆர் போதும். ஏழடிக்கு மேல் போகும் நீண்ட கதவுகளுக்கு பிளாக் போர்டு பிளைவுட்டைவிட நேராக நிற்கும் என்பது தொழில் தெரிந்தவர்கள் அனைவரும் சொல்வது. எந்தக் கதவானாலும் வெளியே மைக்கா ஒட்டி உள்பக்கத்தை வெறுமனே விட்டால் வளையும். கடலூர், நாகை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களிலும், 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் தண்ணீர் புகுந்த சென்னைப் பகுதிகளிலும் தரைத் தளத்துக்குக் கமர்சியல் ஷீட்டை எழுதிக் கொடுப்பவர் அந்த வீட்டுக்குத் துரோகம் செய்கிறார்.

ஆனால் ஷீட்டின் மேல் 710 என்று அச்சிட்டிருப்பதாலேயே அது 710 ஆகிவிடாது. முத்திரை அடிக்க ஒரு ஸ்டென்சிலும் மையும் போதும். உண்மையான ஐஎஸ்ஐ முத்திரையில் சின்னத்துக்கு மேலே தர எண்ணும், கீழே ‘சிஎம்/எல்’ என்று தொடங்கும் உரிம எண்ணும் இருக்கும். அந்த எண்ணைக் கைப்பேசியில் ‘பிஐஎஸ் கேர்’ செயலியில் போட்டால் உரிமம் யாருடையது, எந்தப் பொருளுக்கு, இப்போது உயிரோடு இருக்கிறதா என்று தெரிந்துவிடும். ஒரு நிமிட வேலை. ஷீட்டை இறக்கும் முன் இதைச் செய்யும் வீட்டுக்காரர்கள் பெருகினாலே போலி முத்திரைக்குப் பாதிச் சந்தை போய்விடும்.

கனத்தில் நடக்கும் திருட்டு இன்னும் துணிச்சலானது. 6 மி.மீ.க்கு மேற்பட்ட ஷீட்டில் தர நிர்ணயம் அனுமதிக்கும் ஏற்ற இறக்கம் ஐந்து விழுக்காடு. 19 மி.மீ. ஷீட் எவ்வளவு குறைந்தாலும் 18-க்குக் கீழே போகக் கூடாது. சந்தையில் 17-ஐ 19 என்றும் 16-ஐ 18 என்றும் கொடுப்பது வழக்கமாகிவிட்டது. கடைக்காரரே ‘19 தான் சார், நடைமுறையில் 17 வரும்’ என்று கூசாமல் சொல்லும் அளவுக்கு அது வளர்ந்திருக்கிறது. பத்து ஷீட்டில் ஒரு ஷீட் மரம் காணாமல் போகிறது என்பதுதான் இதன் பொருள். திருகு பிடிக்க வேண்டிய இடத்தில் மரம் இல்லாததால் கீல் ஆடும், கதவு இறங்கும். கார்பென்டரைக் குறை சொல்வோம். சில நூறு ரூபாய்க்கு வெர்னியர் காலிப்பர் கிடைக்கிறது. நான்கு ஓரத்திலும் வைத்துப் பாருங்கள்.

ஓரத்தைப் பார்க்கும்போதே உள்ளே இருக்கும் கோரையும் பாருங்கள். அடுக்குகளுக்கு நடுவே இடைவெளி, ஒன்றன்மேல் ஒன்று ஏறிய தகடு, பட்டி வைத்து அடைத்த குழி, எல்லாம் ஓரத்தில் தெரியும். தெரியாமல் இருக்கத்தான் ஓரத்துக்கு வண்ணம் அடிக்கிறார்கள். வந்திறங்கிய ஷீட்டில் ஒன்றை உங்கள் முன்னாலேயே நடுவில் அறுக்கச் சொல்லுங்கள். எப்படியும் அறுக்கத்தானே போகிறார்கள். அறுத்த துண்டு ஒன்றைப் பழைய பாத்திரத்தில் போட்டுச் சில மணி நேரம் கொதிக்கவிடுங்கள். யூரியா பசை கொதிநீரில் நிற்காது, அடுக்கு பிரிந்துவிடும். மேல் முகம் சிவப்பாக இருப்பதை வைத்து ‘கர்ஜன் மரம்’ என்று நம்ப வேண்டாம். அந்த முகத்தகடு அரை மில்லிமீட்டருக்கும் குறைவு, அதற்குச் சாயமும் ஏற்றலாம்.

இந்த நிலை எப்படி வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். நீலகிரியின் கூடலூரில் காடு அழிவதைக் கண்டு டி.என். கோதவர்மன் திருமுல்பாடு தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 12 அன்று உச்ச நீதிமன்றம் பிறப்பித்த இடைக்கால உத்தரவு நாடு முழுவதும் காட்டு மரம் வெட்டுவதற்குக் கடிவாளம் போட்டது. அஸ்ஸாமிலும் அருணாசலத்திலும் காட்டை நம்பி இயங்கிய பிளைவுட் ஆலைகள் சரிந்தன. தொழில், விவசாயிகள் நிலத்தில் வளர்க்கும் மரத்தை நோக்கி நகர்ந்தது: ஹரியானாவின் யமுனா நகரில் பாப்லரும் யூகலிப்டஸும், கேரளத்தின் பெரும்பாவூரில் ரப்பர் மரமும். தமிழ்நாட்டுக் கடைகளுக்குப் பெரும்பாவூர்ச் சரக்கு தாராளமாக வருகிறது. முகத்தகட்டுக்கு நம்பியிருந்த கர்ஜன் மரத்தையும் மியான்மர் 2014-இல் உருட்டு மரமாக ஏற்றுமதி செய்வதை நிறுத்திக்கொண்டது.

காட்டைக் காத்த அந்த உத்தரவு சரியானது. தோட்ட மரத்திலும் குறை இல்லை. தமிழ்நாட்டில் மலைவேம்பு நட்ட விவசாயிகளுக்கு இந்தத் தொழில் ஒரு வருமானம், மேட்டுப்பாளையம் வனக் கல்லூரி அதற்காகப் பல ஆண்டுகள் உழைத்திருக்கிறது. ஆனால் சில ஆண்டுகளே வளர்ந்த இளமரத்தில் மாவுச்சத்து மிகுதி. பூச்சிக்கு அது விருந்து. முறையாக உலர்த்தி, மருந்து ஏற்றி, போதுமான பசையும் அழுத்தமும் கொடுத்தால் அது நல்ல பலகை. அந்த மூன்றிலும் மிச்சம் பிடித்தால், இரண்டாவது வருடத்திலேயே அலமாரிக்கு அடியில் மாவு கொட்டத் தொடங்கும். செய்நேர்த்தி முன்பைவிட அதிகம் தேவைப்படும் காலத்தில், செய்நேர்த்தியைச் சரிபார்க்க ஆளில்லாமல் சந்தையைத் திறந்துவிட்டிருக்கிறோம் என்பதுதான் நம் கவலை.

பணம் போனால் போகட்டும் என்று விடமுடியாத ஒன்று ஃபார்மால்டிஹைடு. புது கப்போர்டைத் திறந்ததும் கண் எரிந்து மூக்கு கரிப்பது ‘புது வாசனை’ இல்லை. மலிவான யூரியா பசையிலிருந்து கசியும் வாயு. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2004-இல் இதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் முதல் வகைப் பொருள்களில் சேர்த்தது. வெயில் காலத்தில் கசிவு கூடும். ஜன்னலை அடைத்து ஏசி போட்டுக் குழந்தைகளைத் தூங்கவைக்கும் அறையில்தான் நாம் பத்து ஷீட் பலகையை நிறுத்துகிறோம். குறைந்த கசிவுக்கு இ1, இ0 என்று தரப்பிரிவுகள் இருக்கின்றன. அதை எழுத்தில் கேளுங்கள். அறுத்த ஓரம், திருகுத் துளை, உள்பக்கம் எல்லாவற்றையும் மூடச் சொல்லுங்கள். குடியேறும் முன் சில வாரங்கள் ஜன்னலைத் திறந்து போட்டுவையுங்கள். கைக்குழந்தையும் ஆஸ்துமா நோயாளியும் இருக்கும் வீட்டில் இது விருப்பத்துக்கு விடும் விஷயம் இல்லை.

பிளைவுட் கடைகள் மரவேலைக்காரருக்கும் மேஸ்திரிக்கும் உள்ளலங்கார வடிவமைப்பாளருக்கும் கொடுக்கும் கமிஷன் ஊரறிந்த செய்தி. பலகை வாங்குவது ஒருவர் பணத்தில், எந்தக் கடை என்று தீர்மானிப்பது இன்னொருவர், அவருக்குக் கடைக்காரரிடமிருந்து பங்கு. இந்த ஏற்பாட்டில் நல்ல ஷீட்டைப் பரிந்துரைப்பவர் நஷ்டப்படுகிறார். நேர்மையான ஆசாரிகள் நம் ஊர்களில் இருக்கிறார்கள். அவர்களுக்கு உரிய கூலியைக் கூலியாகவே கொடுக்க நாம் தயாராக இருக்க வேண்டும். கூலியில் கசக்கிப் பிழிந்துவிட்டு நேர்மையை எதிர்பார்ப்பது நியாயமில்லை. பலகையை நாமே நேரில் போய், ரசீதோடு வாங்கிக் கொடுத்து, கூலியைத் தனியாகப் பேசுவதே இரு தரப்புக்கும் நல்லது.

ரசீது என்பதை அழுத்திச் சொல்கிறோம். 18 விழுக்காடு ஜிஎஸ்டியை மிச்சம் பிடிப்பதாக நினைத்துத் துண்டுச் சீட்டில் வாங்கும் ஒவ்வொருவரும் தம் உரிமையை அந்தக் கடையிலேயே விட்டுவிட்டு வருகிறார்கள். ரசீதில் நிறுவனப் பெயர், ஐஎஸ் எண், தரம், கனம், ஷீட் அளவு, எண்ணிக்கை அத்தனையும் இருக்க வேண்டும். இருந்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது, இரண்டு ஆண்டுக்குள் வழக்குத் தொடுக்க வேண்டும். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணும் இருக்கிறது.

ஆனால் வீடு கட்டுகிறவர் காலிப்பரும் கொதிக்கும் பாத்திரமும் வைத்துக்கொண்டு ஒவ்வொரு ஷீட்டையும் தாமே சோதிக்க வேண்டும் என்றால், அரசு எதற்கு? பிளைவுட்டுக்கு ஐஎஸ்ஐ முத்திரையைக் கட்டாயமாக்கும் மத்திய அரசின் தரக் கட்டுப்பாட்டு ஆணை 2025-இல் நடைமுறைக்கு வந்தது. இந்திய தர நிர்ணய அமைவனச் சட்டம் 2016, முத்திரையை முறைகேடாகப் பயன்படுத்துவோருக்கு இரண்டு ஆண்டு வரை சிறை அல்லது இரண்டு லட்சம் ரூபாய்க்குக் குறையாத அபராதம் என்கிறது. மறுபடி செய்தால் அபராதம் ஐந்து லட்சத்திலிருந்து தொடங்கும். சட்டத்தில் பற்கள் இருக்கின்றன. ஆலை வாசலில் நடக்கும் சோதனையைத் தாண்டி, ஊர்க் கடையின் கிடங்கு வரை அந்தச் சட்டம் வந்து நிற்கவில்லை.

தரமணியில் உள்ள தர நிர்ணய அமைவனத்தின் தென்மண்டல அலுவலகம் கடைக் கிடங்குகளிலிருந்து நேரடியாக மாதிரி எடுத்து, கனம், பசை, மருந்து, ஃபார்மால்டிஹைடு நான்கையும் சோதித்து, தேறாத உரிம எண்களைத் தமிழில் வெளியிட வேண்டும். எடையளவுச் சட்டத்தை அமல்படுத்தும் மாநிலத் தொழிலாளர் துறை, 17 மி.மீ. ஷீட்டை 19 என்று விற்பதை அளவுக் குறைவாகவே நடத்தி வழக்குப் போட வேண்டும். தானியக் கடையில் கால் கிலோ குறைந்தால் தராசைப் பறிமுதல் செய்யும் அரசு, பலகைக் கடையில் பத்தில் ஒரு பங்கு குறைவதைப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. வீட்டுக் கடன் கொடுக்கும் வங்கிகளும் உட்புற வேலைக்குப் பணம் விடுவிக்கும் முன் ‘சதுர அடி’ மதிப்பீட்டை ஏற்காமல், ஷீட் எண்ணிக்கையும் ஐஎஸ் எண்ணும் உள்ள மதிப்பீட்டைக் கேட்கலாம். அந்த ஒரு நிபந்தனையே பல ஒப்பந்தக்காரர்களின் தாளை மாற்றிவிடும்.

தை மாதக் கிரகப்பிரவேசத்துக்காகக் கார்த்திகையிலும் மார்கழியிலும்தான் மரவேலை இரவு பகலாக நடக்கிறது. அவசரத்தில் வாங்குவதும், எது கிடைத்தாலும் ஒட்டி முடிப்பதும், மோசமான சரக்கு அதிகம் தள்ளப்படுவதும் அந்த இரண்டு மாதங்களில்தான். கிடங்குச் சோதனை அதற்கு முன்னால், ஐப்பசியிலேயே தொடங்க வேண்டும்.